உளியை எடுக்கும் முன் கிண்ணத்தைப் பாருங்கள்: மரக்கட்டை வால்பேப்பர் அச்சில் வரும் பிழைகளும் திருத்தமும்

மரக்கட்டையில் நிறம் தொட்டுக் கையால் அச்சடிக்கும் வால்பேப்பரில் ஏதாவது பிசகினால், கை முதலில் உளியைத்தான் தேடும். இலையின் நுனி மங்கலாக விழுந்தால் ஓரத்தைக் கொஞ்சம் செதுக்கத் தோன்றும். நடுவில் நிறம் ஏறாவிட்டால் கட்டையின் முகத்தைத் தேய்க்கத் தோன்றும். என் இரண்டாவது கட்டையை நான் அப்படித்தான் இழந்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து வெட்டிய பேரிமரக் கட்டை அது. கோளாறு அன்று காய்ச்சிய வஜ்ஜிரத்தில், அதாவது நிறத்தைப் பிடித்து வைக்கும் விலங்குப் பசையில், இருந்தது என்று புரிந்தபோது, செதுக்கிப் போட்ட மரத்தைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

அன்றிலிருந்து எந்தப் பிழை வந்தாலும் ஒரே வரிசையில்தான் தேடுகிறேன். முதலில் அறையின் ஈரமும் தாளின் ஈரமும். அடுத்து நிறக் கிண்ணம். அடுத்து நிறம் தொடும் திண்டு. அப்புறம் என் கை. கட்டை கடைசியில்தான். நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு இடங்களிலேயே பிடிபட்டுவிட்டன. கீழே உள்ளதை அறிகுறி வாரியாக எழுதியிருந்தாலும், ஒவ்வொன்றிலும் இதே வரிசை ஓடுவதைக் காண்பீர்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது இங்கிலாந்திலும் பிரான்சிலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் உச்சத்துக்குப் போன டிஸ்டெம்பர் அச்சு முறை. நம் ஊர்த் துணி அச்சுக்கட்டை உள்ளங்கையில் அடங்கும், கை முஷ்டியால் ஒரு குத்துக் குத்தினால் போதும். வால்பேப்பர்க் கட்டை அப்படியில்லை. தாளின் முழு அகலத்துக்கும், அதாவது 21 அங்குலம் வரை, ஒரே கட்டை வரும். அடியில் பைன் பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டி, மேலே செதுக்குவதற்குப் பேரிமரம் போன்ற நெருக்கமான மரத்தை ஒட்டுவார்கள். தண்ணீரோ பழைய கூழோ நிரப்பிய தட்டின் மேல் நீர்புகாத தோல், அதன் மேல் கம்பளித் துணி, அதில் தூரிகையால் பரப்பிய நிறம். இதுதான் திண்டு. கட்டையைத் திண்டில் வைத்து எடுத்து, தாளின் மேல் இறக்கி, நெம்புகோலால் அழுத்துவார்கள். ஒரு நிறம் முழுவதும் காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம்.

டிஸ்டெம்பர் நிறம் என்பது மூன்று பொருள்: சீமைச்சுண்ணாம்புத் தூள், நிறப்பொடி, வஜ்ஜிரம். துணியில் சாயம் நூலுக்குள் இறங்கிவிடும். இங்கே நிறம் தாளின் மேல் ஒரு மெல்லிய சுண்ணாம்புத் தகடாக உட்காருகிறது. டிஸ்டெம்பர் வால்பேப்பரின் அந்த மங்கலான, வெல்வெட் போன்ற அழகுக்கு இதுதான் காரணம். அதன் தொல்லைகளில் பாதிக்கும் இதுவே காரணம்.

சோதனைக்கு இரண்டு விதிகள் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காய்ந்த பிறகு மட்டும் தீர்ப்புச் சொல்லுங்கள். ஈர டிஸ்டெம்பர் நிஜத்தைக் காட்டாது. ஈரத்தில் அடர்த்தியாக, பளபளப்பாகத் தெரிவது காய்ந்ததும் வெளுத்து மங்கிவிடும். அவசரமென்றால் ஒரு துண்டுத் தாளில் தடவி ஹேர் டிரையரால் காயவைத்துப் பாருங்கள்.

விரலால் தேய்த்தால் நிறம் தூளாக வருகிறது

சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்து நின்றால் சட்டை முதுகெல்லாம் வெள்ளையாகிவிடும் அல்லவா, அதே நோய்தான். தூளைப் பிடித்து வைக்கப் பசை போதவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஈர விரலால் தேய்த்தால் டிஸ்டெம்பர் கொஞ்சம் கரையத்தான் செய்யும், அது அதன் இயல்பு. உலர்ந்த விரலில் நிறம் ஒட்டினால்தான் பிழை.

வஜ்ஜிரத்தை நிறைய ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வஜ்ஜிரம் எப்படிக் காய்ச்சப்பட்டது என்று முதலில் கேளுங்கள். இரவே குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் கட்டிகள் ஊதி, மெத்தென்று ஆகியிருக்கும். பிறகு அந்தப் பாத்திரத்தை வெந்நீருள்ள இன்னொரு பாத்திரத்துக்குள் வைத்துத்தான் கரைக்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் பசையின் புரதம் துண்டு துண்டாக உடைந்து, பார்க்க அப்படியே இருக்கும், பிடிப்பு மட்டும் போய்விடும். என் பேரிமரக் கட்டையைப் பலி வாங்கியது இந்தக் கொதிதான். அச்சு ஓரங்களில் தூளாக உதிர்ந்து மங்கலாகத் தெரிந்ததை, ஓரம் சரியாக வெட்டப்படவில்லை என்று படித்துவிட்டேன்.

நான் ஒரு பங்கு வஜ்ஜிரத்துக்கு 12 பங்கு தண்ணீர் என்று எடையில் தொடங்குகிறேன். ஆறியதும் அது இளகிய ஜெல்லியாக வேண்டும், விரலால் கீறினால் ஓரம் கரடுமுரடாக உடைய வேண்டும். ரப்பர் மாதிரி எதிர்த்தால் அதிகம், கஞ்சி மாதிரி ஓடினால் குறைவு. ஆனால் இந்த அளவு எல்லா நிறத்துக்கும் ஒன்றாகச் செல்லாது. விளக்குக் கரி போன்ற மிக மெல்லிய பொடி ஏராளமாகப் பசையைக் குடிக்கும், மஞ்சள் காவி அவ்வளவு கேட்காது. ஒரே தாளில் பச்சை நன்றாகப் பிடித்து, கறுப்பு மட்டும் உதிர்ந்தால் இதுதான் காரணம். கறுப்புக்கு மட்டும் வஜ்ஜிரத்தைக் கூட்டுங்கள்.

பசை சரி, காய்ச்சியதும் சரி, இருந்தும் உதிர்கிறதா? தாள் குடிக்கிறது. உறிஞ்சும் தாளில் நேரடியாக அச்சடித்தால், நிறம் உட்காரும் முன்பே வஜ்ஜிரத் தண்ணீரைத் தாள் இழுத்துக்கொண்டு சுண்ணாம்பை மட்டும் மேலே விட்டுவிடும். அடிப்பூச்சு ஒன்று போட்டுக் காயவைத்த பிறகே அச்சடிக்க வேண்டும். பழைய பட்டறைகளிலும் நல்ல தாள்களுக்கு அடிப்பூச்சுப் போட்ட பிறகே கட்டையை இறக்கினார்கள்.

நிறம் வெடித்துச் செதிலாக எழும்புகிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். வஜ்ஜிரம் காயும்போது சுருங்கும். அளவுக்கு மீறி இருந்தால் அந்தச் சுருக்கத்தில் நிறத் தகட்டையே பிய்த்து எடுத்துவிடும். தாளின் ஓரம் அச்சடித்த பக்கமாகச் சுருண்டு வந்தாலே எச்சரிக்கை. காய்ந்த நிறத்தில் லேசான பளபளப்புத் தெரிந்தாலும் அதே எச்சரிக்கைதான்.

அடிப்பூச்சில் பசை குறைவாகவும், மேலே அச்சில் அதிகமாகவும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மேல் தகடு அடித் தகட்டையும் சேர்த்துக் கிளப்பிக்கொண்டு வரும். எனவே மேலே போகப் போகப் பசை ஒரு பிடி குறைய வேண்டும், கூடக் கூடாது. வெடித்த தாளுக்கு வைத்தியம் கிடையாது. அடுத்த ரோலுக்குக் கிண்ணத்தைத் திருத்துங்கள்.

பெரிய பரப்பில் நிறம் திட்டுத் திட்டாக விழுகிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பிழையும் அழகும் இந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

திண்டிலிருந்து கட்டையை எடுக்கும்போது காதைக் கொடுங்கள். பதம் சரியாக இருந்தால், நனைந்த கையைப் பாத்திரத்தின் மேலிருந்து பிரித்தெடுப்பது போல ஒரு சின்ன 'ச்ப்' சத்தத்தோடு, ஒரு மூலையில் தொடங்கிச் சீராகப் பிரியும். கட்டையைத் திருப்பி விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். நிறத்தின் மேல் முழுவதும் ஒரே மாதிரி நுண்ணிய நரம்புகள், மர வேர் போலக் கிளை விட்டுக் கிளை விட்டுத் தெரியும். கட்டை பிரியும்போது ஓரத்திலிருந்து காற்று நிறத்துக்குள் விரல் விரலாக நுழைவதால் வரும் கோலம் அது. தாளிலிருந்து கட்டை எழும்போதும் அதே நரம்பு தாளில் பதியும். அழுத்தத்தில் பிதுங்கிய நிறம் ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் மயிரிழை அளவு மேடாக நிற்கும். பழைய வால்பேப்பரைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இந்த மேடும் நரம்பும்தான் இது இயந்திர உருளையில் ஓடியதா, கட்டையில் அடித்ததா என்று சொல்லும். ஆகவே லேசான நரம்பைப் பிழை என்று எண்ணித் துடைத்தெறிய முயல வேண்டாம். கைவேலையின் முகமே அதுதான்.

பிழை என்பது வேறு. அதில் மூன்று வகை உண்டு.

முதலாவது, பரப்பெங்கும் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். நிறம் கெட்டியாகிவிட்டது அல்லது திண்டு காய்கிறது. குளிர்ந்த அறையில் வஜ்ஜிரம் ஜெல்லியாக உறைந்து நிறத்தைத் தடிமனாக்கும். அதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது எல்லோரும் செய்யும் தவறு. பசை நீர்த்துப் போய், அடுத்த நாள் தூள் உதிரும். கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், பதம் தானாகத் திரும்பும். இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாக, கரண்டியிலிருந்து நாடா போல விழ வேண்டும்.

இரண்டாவது, எப்போதும் ஒரே இடத்தில் மங்கல். கட்டையை 180 டிகிரி திருப்பி ஒரு சோதனை அச்சு எடுங்கள். மங்கல் கட்டையோடு சேர்ந்து திரும்பினால் கோளாறு கட்டையில். மேசையின் அதே இடத்தில் நின்றால் மேசை விரிப்பில் பள்ளம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கட்டையைத் தொடாதீர்கள். மேசையில் பள்ளம் என்றால் விரிப்பின் அடியில் மெல்லிய காகிதம் ஒட்டிச் சமன் செய்தால் முடிந்தது.

மூன்றாவது, அகன்ற பரப்பு முழுவதுமே சோகையாக இருப்பது. வழவழப்பான மரத்தில் நிறம் அதிகம் தங்காது. இதற்குப் பழைய ஆட்கள் அருமையான வழி வைத்திருந்தார்கள். அகன்ற பரப்பு வரும் இடத்தை மரத்தில் குழியாக எடுத்து, விளிம்பை மட்டும் மரத்தாலோ பித்தளைத் தகட்டாலோ விட்டு, உள்ளே அழுத்தமான கம்பளி ஃபெல்ட்டைப் பதித்துவிடுவார்கள். கம்பளி நிறத்தை ஏந்திக்கொண்டு போய்த் தாளில் இறக்கும், விளிம்பு கூராக நிற்கும். இரண்டு விரல் அகலத்துக்கு மேற்பட்ட பரப்புக்கெல்லாம் நான் இதைத்தான் செய்கிறேன். அதற்கு மனமில்லாவிட்டால், திண்டில் ஒருமுறை தொட்டு, கட்டையைச் சற்று நகர்த்தி மறுமுறை தொடுங்கள். முதல் தொடலில் காற்றுப் புகுந்த இடங்களை இரண்டாவது நிரப்பும்.

மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்கின்றன

திண்டில் நிறம் அதிகம். வேறு காரணம் தேடும் முன் திண்டைத் தூரிகையால் வழித்து, பாதி அளவு நிறத்தில் மூன்று அச்சு எடுங்கள். பெரும்பாலும் நான்காவது அச்சில் கோடு திறந்துவிடும். திறக்காவிட்டால் செதுக்கலின் பள்ளத்தில் நிறம் காய்ந்து கிடக்கிறது. மென்மையான தூரிகையும் வெதுவெதுப்பான நீரும் போதும், பிறகு உடனே துணியால் ஒற்றி எடுங்கள். கட்டையைத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது. குறுக்காக ஒட்டிய பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஊதும்.

மிக நுண்ணிய கோட்டையும் புள்ளியையும் மரத்தில் வெட்டுவதே சிரமம், வெட்டினாலும் சீக்கிரம் உடையும். அந்த இடங்களில் பித்தளைத் தகட்டையும் கம்பியையும் மரத்தில் அடித்து இறக்குவதுதான் வழக்கம்.

நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தவில்லை

அச்சகத்தில் 'ரிஜிஸ்டர் விலகுது' என்பார்களே, அதுதான். இந்தத் தொழிலில் அதிக ரோல்களைக் குப்பைக்கு அனுப்புவது இந்தப் பிழை. இங்கிலாந்தின் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் 1875-ஆம் ஆண்டு 'அகாந்தஸ்' தாளுக்கு 30 கட்டைகள். அவர் 1881-இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்கு வரைந்த தாளுக்கு 68. பிரான்சில் ரிக்ஸைம் ஊரிலுள்ள ஜூபெர் வால்பேப்பர்ப் பட்டறையின் 1834-ஆம் ஆண்டு 'வட அமெரிக்கக் காட்சிகள்' தாளுக்கு 1,690 கட்டைகளும் 223 நிறங்களும். அத்தனை கட்டையும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்ததற்குக் காரணம், கட்டையின் மூலையில் துருத்தி நிற்கும் குண்டூசித் தலை அளவு பித்தளை ஆணிகள். முதல் கட்டையின் ஆணி தாளில் ஒரு சிறு புள்ளி வைக்கும். அடுத்து வரும் ஒவ்வொரு கட்டையின் ஆணியும் அந்தப் புள்ளியின் மேலேயே உட்கார வேண்டும். புள்ளி தெரியாமலிருக்க அதை ஓர் இலைக்கு அடியிலோ பூவுக்கு அடியிலோ வருமாறு திட்டமிடுவார்கள்.

பொருந்தாமை எப்படி விலகுகிறது என்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். ஒரு ரோலை முழு நீளத்துக்கும் தரையில் விரித்து, கையில் அளவுகோலோடு நடந்து பாருங்கள்.

ரோல் முழுவதும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருந்தால் அந்தக் கட்டையின் ஆணி தவறான இடத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது. ஆணியைப் பிடுங்கி, விலகிய அளவுக்கு நகர்த்தி அடியுங்கள். பத்து நிமிட வேலை.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகல் வளர்ந்தால், இரண்டாவது நிறத்தை முதல் கட்டையின் புள்ளியில் வைக்காமல், அதே நிறத்தின் முந்தைய அச்சைப் பார்த்து வைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வது இது. அரை மில்லிமீட்டர் பிசகு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 50 சென்டிமீட்டருக்கு ஒரு அச்சு என்றால், 10 மீட்டர் ரோலில் 20 அச்சு. கடைசி அச்சில் அந்த அரை மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக நிற்கும். ஒவ்வொரு முறையும் முதல் கட்டையின் புள்ளிக்குத் திரும்புங்கள்.

அங்கொன்று இங்கொன்றாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் விலகினால் கை. களைப்பு, அல்லது தாள் மேசையில் நகர்கிறது, அல்லது ஆணி வளைந்திருக்கிறது. தாளின் மேல் கட்டையைக் கிடத்தி, பிறகு இழுத்துப் பொருத்தப் பார்க்காதீர்கள். நிறம் தீற்றும். தாளுக்கு ஒரு விரல் மேலேயே நிறுத்தி, அருகிலுள்ள ஆணியைப் புள்ளிக்கு மேலே கொண்டுவந்து, அந்த மூலையை முதலில் தொட்டு, பிறகு தூரத்து மூலையை இறக்க வேண்டும்.

கடைசி வகைதான் ஆளைக் குழப்பும். இடது ஆணி புள்ளியில் கச்சிதமாக உட்காரும், வலது ஆணி புள்ளியைத் தாண்டியோ புள்ளிக்கு எட்டாமலோ நிற்கும். எவ்வளவு கவனமாக இறக்கினாலும் ஒரு பக்கம் பொருந்தினால் மறுபக்கம் பொருந்தாது. இங்கேதான் உளி எடுப்பார்கள், எடுக்கக் கூடாது. தாளின் அகலமே மாறிவிட்டது. காகித நார் ஈரத்தில் நீளவாக்கில் அதிகம் நீளாது, குறுக்கே ஊதும். ரோல் தாளில் நார் பெரும்பாலும் நீளத்தோடு ஓடுவதால், ஊதல் முழுக்க அகலத்தில் தெரியும். 52 சென்டிமீட்டர் அகலத் தாள் அரை சதவீதம் விரிந்தாலே இரண்டரை மில்லிமீட்டர். ஒரு மல்லிகைக் காம்பின் தடிமன் அது. கோட்டுக்கு வெளியே நிறம் வழிந்து நிற்க அது தாராளம்.

இதற்குத் திருத்தம் பொறுமையில்தான் இருக்கிறது. தாள்களை அச்சடிக்கும் அறையிலேயே ஒரு நாள் முழுதும் தொங்கவிடுங்கள். முதல் நிறத்தை எல்லா ரோலுக்கும் முடித்துவிட்டு, எல்லாம் ஒரே அளவு காய்ந்த பிறகு இரண்டாவதுக்குப் போங்கள். ஹீட்டர் பக்கத்தில் தொங்கிய பகுதி மட்டும் சுருங்கிப் போகும், அதனால் கொடியின் ஒரு முனையில் மட்டும் சூடோ காற்றோ படக் கூடாது. அறையில் ஓர் ஈரமானியை மாட்டி, முதல் நிறம் அடித்த அன்று அது காட்டிய எண்ணைக் கட்டையின் முதுகிலேயே பென்சிலால் எழுதி வைக்கிறேன். அடுத்த நிறத்தை அதே எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நாளில்தான் எடுப்பேன். மழை நாளில் முதல் நிறம், வெயில் நாளில் இரண்டாவது என்றால் எந்த ஆணியாலும் காப்பாற்ற முடியாது. சென்னை போன்ற கடலோர ஊரில் இதைச் செய்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் பல நிறத் தாளைத் தொடங்காமலிருப்பது நல்லது. ஒற்றை நிறத் தாள் அடிக்கலாம்.

ரோலுக்கு ரோல் நிறம் மாறுகிறது

ஒரு அறைக்கு வேண்டிய நிறத்தை ஒரே தடவையில் கலக்க வேண்டும், கூடவே ஐந்தில் ஒரு பங்கு மிச்சத்துக்கு. பாதி வேலையில் நிறம் தீர்ந்தால் அதே பச்சையைத் திரும்பப் பிடிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். சுண்ணாம்பைச் சரியாக ஊறவைப்பதும் இதில் சேரும். வாளியில் தண்ணீர் எடுத்து, தூளை நடுவில் குன்று போல நீர்மட்டத்துக்கு மேல் எழும்வரை கொட்டி, கிளறாமல் இரவு முழுதும் விட்டு, காலையில் மேலே தெளிந்த நீரை வடித்துவிடுங்கள். கட்டி தட்டாது, ஒவ்வொரு முறையும் ஒரே பதம் கிடைக்கும்.

கலந்ததெல்லாம் ஒன்றாக இருந்தும் கடைசி ரோல் அடர்த்தியாக வந்தால், கனமான நிறப்பொடி அடியில் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறை திண்டுக்கு எடுக்கும் முன்னும் அடி வரை கிளறுங்கள். ரோல்களுக்கு அச்சடித்த வரிசையில் எண் போடுங்கள், சுவரிலும் அதே வரிசையில் ஒட்டுங்கள். மெல்ல மாறிய நிறம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கண் மன்னித்துவிடும்.

ஒட்டிய பிறகு இணைப்புகளில் செங்குத்துக் கோடு தெரிகிறது

கையில் தாளை வைத்துப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சுவரில் இரண்டு தாள் சேர்ந்ததும், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் வெளிச்சம். அச்சடிக்கும்போது எப்போதும் வலப் பக்கம் அதிகம் அழுத்தியிருக்கிறீர்கள். தாளின் வலது ஓரம் அடர்த்தி, இடது ஓரம் மெலிவு. இரண்டும் சுவரில் சந்திக்கின்றன. முதல் ரோலில் மூன்று அச்சு அடித்ததுமே நிறுத்தி, ஒரு துண்டை வெட்டி, அதன் இடது ஓரத்தை மீதியின் வலது ஓரத்தோடு சேர்த்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள். இந்தப் பழக்கம் எனக்கு ஓர் அறை முழுவதையும் உரித்தெடுத்த பிறகுதான் வந்தது.

ஒட்டும்போது பசை தாளின் முகத்தில் பட்டால் டிஸ்டெம்பர் கரையும், ஸ்பாஞ்சால் துடைத்தால் இன்னும் பரவும். தாளின் பின்புறம் மட்டும் பசை தடவி, எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரம் ஊறவிட்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் சுவரோடு நீவுங்கள். ஒன்று ஐந்து நிமிடம், ஒன்று பத்து நிமிடம் ஊறினால் அகலம் வேறுபட்டு, பூக்கள் இணைப்பில் சேராது.

கிண்ணம் நாறுகிறது, தாளில் பூஞ்சைப் புள்ளி

வஜ்ஜிரம் விலங்குப் புரதம். வெயில் காலத்தில் இரண்டே நாளில் கெடும், கெட்டால் பிடிப்பும் போகும். நாறிய கிண்ணத்தை வீசிவிடுங்கள். சிறிது சிறிதாகக் காய்ச்சி, மீதியைக் குளிர்பெட்டியில் வைப்பது, இரண்டொரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுவது, இரண்டும் உதவும். பூஞ்சை பெரும்பாலும் அரைகுறையாகக் காய்ந்து சுருட்டப்பட்ட ரோலில்தான் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 19-ஆம் நூற்றாண்டுப் பழைய தாளைப் பார்த்து நகல் எடுப்பவர்கள், பழுது பார்ப்பவர்கள், பச்சை நிறத்தை உலர்வாகச் சுரண்டவே வேண்டாம். அந்தக் காலத்துப் பச்சைகள் பலவற்றில் ஆர்செனிக் இருந்தது. மாரிஸின் ஆரம்பகாலத் தாள்களும் இதற்கு விலக்கில்லை. ஈரச் சுவரில் பூஞ்சை அந்த நிறத்தில் வளர்ந்தால் ஆர்செனிக் கலந்த வாயுவும் வரலாம். சந்தேகமிருந்தால் தொடாமல் ஆய்வுக்கு அனுப்புங்கள்.

மாரிஸ் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1862-இல் தன் முதல் வால்பேப்பரான 'ட்ரெல்லிஸ்' வரைந்தபோது அவர் துத்தநாகத் தகட்டில் எண்ணெய் நிறங்களால் தானே அச்சடித்துப் பார்த்தார். திருப்தியாக வரவில்லை. கடைசியில் ஜெஃப்ரி என்ற லண்டன் வால்பேப்பர் நிறுவனத்திடம் கொடுத்து, மரக்கட்டையிலும் டிஸ்டெம்பரிலும் அடிக்க வைத்தார். வரைந்ததை அவர் மாற்றவில்லை, தகட்டையும் நிறத்தையும்தான் மாற்றினார்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் பிழை: அப்போது கட்டை

கட்டையின் முகத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் கட்டை வளைந்திருக்கிறது. செதுக்காதீர்கள். இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி விளிம்பில் நிறுத்தி ஒரு வாரம் விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்ததால் வந்த வளைவு பெரும்பாலும் தானே இறங்கும். வெயிலில் வைத்தால் பலகை பிளக்கும்.

முகத்தில் ஏதோ பட்டுப் பள்ளம் விழுந்திருந்தால், நார் அறுபடாதவரை அதைத் தூக்கலாம். பள்ளத்தில் ஒரு சொட்டு வெந்நீர் விட்டு, மேலே ஈரத்துணி, அதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனி, இரண்டு நொடி. நசுங்கிய நார் ஆவியில் ஊதி மேலே வரும்.

இலை நுனி உண்மையாகவே உடைந்து போயிருந்தால் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதே திசையில் நார் ஓடும் பேரிமரத் துண்டை இறுக்கமாகப் பதித்து ஒட்டுங்கள். துண்டு, கட்டையின் முகத்தைவிட ஒரு காகித அளவு உயரமாக நிற்கட்டும். பசை இறுகும் வரை இரண்டு நாள் தொடாதீர்கள். மூன்றாவது நாள் காலை முகத்தோடு சமமாகச் சீவி, பழைய அச்சு ஒன்றை மெல்லிய தாளில் படியெடுத்து அந்தத் துண்டின் மேல் ஒட்டி, அதன் கோட்டின் வழியே நுனியை வெட்டுங்கள். முதல் சோதனை அச்சைப் புதிதாகக் காய்ச்சிய வஜ்ஜிரத்தில் எடுங்கள்.